தந்தைக்குத் தூக்கு, மகனுக்குத் துப்பாக்கி

வணக்கம் நேயர்களே.

எல்லையில் சண்டை மூண்டிருக்கிறது. ஒரு மதத்தலைவர் அரசாங்கத்தின் வாசலுக்கு வருகிறார். என் சீடர்கள் இருக்கிறார்கள், நீங்கள் சரி என்றால் களத்துக்கு அனுப்புகிறேன் என்கிறார். சம்பளப் பேச்சு இல்லை, ஆள்சேர்ப்பு முகாம் இல்லை. அவர் ஒரு சொல் சொன்னால் படை தயார். அரசாங்கத்துக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இந்த ஆட்கள் நாளைக்கு யார் சொன்னால் துப்பாக்கியைக் கீழே வைப்பார்கள்?

இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஒரே குரு பரம்பரை இந்தக் கேள்வியை மூன்று ஆட்சிகள் முன்னால் கொண்டுபோய் வைத்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கைர்பூர் பக்கத்தில் பீர் ஜோ கோட் என்று ஓர் ஊர். பீரின் ஊர் என்று பொருள். பீர் என்றால் சூஃபி குரு. 1818 வாக்கில் அங்கே சையத் முகமது ராஷித் என்ற பெரியவர் காலமானபோது, ஒரு மகனுக்கு அவருடைய தலைப்பாகையும் இன்னொரு மகனுக்குக் கொடியும் போய்ச் சேர்ந்தன. தலைப்பாகை பெற்றவர் பீர் பகாரோ, கொடி பெற்றவர் பீர் ஜண்டோ. கோயிலில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று தலைமுறை தலைமுறையாக வழக்கு நடத்துகிற ஊர்க்காரர்கள் நாம். சில முழத் துணிக்கு எவ்வளவு கனம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1826இல் ரே பரேலியிலிருந்து சையத் அகமது என்ற போதகர் சிந்து வழியாக வந்தார். வடமேற்கு எல்லையில் ரஞ்சித் சிங்கின் சீக்கிய அரசோடு போரிடப் போகிறவர். பஞ்சாபைக் கடக்க முடியாது என்பதால் ராஜஸ்தான், சிந்து, கந்தஹார் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பயணம். சிந்துவை அப்போது ஆண்ட தால்பூர் மீர்கள் அவரைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். முதல் பீர் பகாரோ சிப்கத்துல்லா ஷாவோ வரவேற்றார், சையத் அகமதின் குடும்பத்தைத் தம் ஊரில் தங்கவைத்தார், தம் சீடர்களை அணிதிரட்டினார். அந்தச் சீடர்களுக்கு ஹூர் என்று பெயர் வந்தது. சுதந்திரமானவர் என்று அர்த்தம். 1831இல் பாலாகோட்டில் சையத் அகமது கொல்லப்பட்டதும் அந்தப் போர் ஓய்ந்தது. ஆனால் ஆட்சியாளர் யாராக இருந்தாலும் பீரின் வாக்குதான் வாக்கு என்கிற ஒரு கூட்டம் சிந்துவில் தங்கிவிட்டது.

வெள்ளைக்காரர்கள் வந்தபின் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பது நம் மதுரைப் பக்கத்து மக்களுக்குச் சட்டென்று பிடிபடும். குற்றப்பரம்பரைச் சட்டம். உசிலம்பட்டி வட்டாரத்தில் கைரேகைச் சட்டம் என்று சொல்லி, 1920இல் பெருங்காமநல்லூரில் உயிரைக் கொடுத்து எதிர்த்தார்களே, அதே சட்டம். சிந்துவின் இன்றைய சங்கர் மாவட்டத்தில் ஹூர்களைப் பதிவேட்டில் ஏற்றி, ஆஜர் எடுத்து, முள்வேலி போட்ட முகாம்களில் குடும்பம் குடும்பமாக அடைத்தார்கள். சிந்தியில் அதற்கு லோர்ஹா என்று பெயர். உண்மையில் அது ஆடுமாடு அடைக்கிற முள்பட்டியின் பெயர்.

ஆறாவது பீர் பகாரோ, அவரும் சிப்கத்துல்லா ஷாதான், 1930இல் வழக்கில் சிக்கினார். அவருக்காக வாதாட சுக்கூருக்கு வந்தவர் முகமது அலி ஜின்னா. ஜின்னா வாதாடியும் சிறைதான். ரத்னகிரி, மேதினிபூர் என்று சிறை சிறையாக மாற்றினார்கள். வங்காளச் சிறைகளில் அங்குள்ள புரட்சிக்காரர்களின் பழக்கம் கிடைத்தது. 1936இல் வெளியே வந்தவர் பழைய பீர் இல்லை.

1941 அக்டோபரில் மறுபடி பிடித்தார்கள். அதன்பின் சிந்துவில் தந்திக் கம்பிகள் அறுந்தன, கால்வாய்க் கரைகள் உடைந்தன. 1942 மே மாதம் ஹூர்கள் லாகூர் மெயில் ரயிலைத் தடம்புரட்டினார்கள். அதில் செத்தவர்கள் சாதாரணப் பயணிகள், அதை வீரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜூன் மாதம் ராணுவச் சட்டம். மக்கி என்னும் சதுப்புக்காட்டில் ஒளிந்திருந்த ஹூர்களைத் தேட விமானங்கள் பறந்தன, குண்டுகள் விழுந்தன. இந்திய ராணுவத்தின் பாராசூட் வீரர்கள் முதன்முதலாகக் களத்தில் குதித்ததே இந்த வேட்டைக்காகத்தான், 1942 ஜூலையில். உலகப் போருக்காகக் கட்டிய படைக்கு வாய்த்த முதல் வேலை சிந்து விவசாயிகளைத் தேடுவது.

1943 மார்ச் 20 அன்று ஹைதராபாத் சிறையில் பீரைத் தூக்கிலிட்டார்கள். நான் சொல்வது சிந்துவின் ஹைதராபாத். உடலைக் குடும்பத்திடம் தரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவும் இல்லை. கல்லறை தெரிந்தால் அது தர்கா ஆகிவிடும் என்கிற கணக்கு. இரண்டு மகன்களையும் அலிகாருக்கும், பிறகு இங்கிலாந்துக்கும் படிக்க அனுப்பினார்கள். தலைப்பாகை சிந்துவில், தலை லண்டன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஆங்கிலம் பேசி வளர்கிற பையன் சீடர்களை மறந்துவிடுவான் என்று நினைத்திருப்பார்கள்.

பிரிவினை வந்தும் முள்வேலி முகாம்கள் உடனே கலையவில்லை. 1952இல் பாகிஸ்தான் அரசு பரம்பரைப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது. மூத்த மகன் ஷா மர்தான் ஷா ஊர் திரும்பித் தலைப்பாகை சூடி ஏழாவது பீர் பகாரோ ஆனார். சீடர்கள் ஒருவர் குறையாமல் காத்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதின்மூன்று வருடம் கழித்து, 1965 செப்டம்பர். இரண்டு நாடுகளின் கவனமும் பஞ்சாபில். தெற்கே தார் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான மைல் எல்லைக்கு இரு பக்கமும் ஆட்கள் போதவில்லை. செப்டம்பர் 8 அன்று இந்தியப் படை எல்லை தாண்டி கத்ரா நகரத்தைப் பிடித்தது. அந்த நேரத்தில்தான் பீர் தம் ஹூர்களைத் தர முன்வந்தார், பாகிஸ்தான் அதிபர் அயூப் கானின் அரசு ஏற்றுக்கொண்டது. 23 வருடம் முன்பு எவரைப் பிடிக்க விமானம் பறந்ததோ, அவர்கள் கையிலும் அவர்கள் பிள்ளைகள் கையிலும் அரசாங்கத் துப்பாக்கி.

பாலைவனத்தில் இப்படிப்பட்ட ஆட்களுக்கு என்ன மதிப்பு என்பது புத்தகம் படித்து எனக்குப் புரியவில்லை. சில வருடங்களுக்கு முன் ராஜஸ்தானின் பார்மேரிலிருந்து எல்லையோர முனாபாவ் வரை ரயிலில் போனேன். சன்னலை இறக்கிவிட்டும் வாய்க்குள் மணல் நறநறக்கிறது. வாங்கிய டீயைக் குடித்து முடித்தால் டம்ளர் அடியில் மணல். முனாபாவ் கடைசி நிலையத்தில் இறங்கிப் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தேன், என் கால்தடம் பாதி தூர்ந்துபோயிருந்தது. அந்த மணலில் எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எதில் உப்புத் தண்ணீர், ஒட்டகம் எந்த மேட்டைச் சுற்றிப் போகும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் முழுதாக இருக்காது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். கட்ச் பகுதியில் ரண்சோட் பகி என்று ஒருவர், காலடித் தடம் பார்த்து ஆள் எண்ணிக்கை சொல்கிறவர், 1965 போரில் நம் ராணுவத்துக்கு உதவினார். தடம் பார்ப்பவர்கள் நல்ல தடம் கிடைத்தால் காற்று அழிக்காமல் அதன்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைப்பார்களாம். 1971இல் ஜெய்ப்பூர் மன்னர் பரம்பரையின் பவானி சிங் பாலைவனத்துக்குள் புகுந்து பாகிஸ்தான் பக்கத்து ஊரான சாச்ரோவைத் தாக்கினார். அந்தச் சண்டையில் நம் ராணுவத்துக்கு வழிகாட்டியவர் கொள்ளைக்காரராகத் தேடப்பட்ட பல்வந்த் சிங் பாகாசர். மணல் தெரிந்தவன் எவனாக இருந்தாலும் அரசாங்கத்துக்கு வேண்டும். இங்கே இன்னொரு வேடிக்கை. சிந்தியில் பக் என்றால் தலைப்பாகை, குஜராத்தியில் பக் என்றால் காலடி. ஒரு பக்கம் தலைப்பாகையை நம்பினார்கள், இன்னொரு பக்கம் காலடியை.

ஹூர்கள் எல்லைக் காவல் படையான பாகிஸ்தான் ரேஞ்சர்களோடு சேர்ந்து எல்லைச் சாவடிகளில் சண்டையிட்டார்கள். முனாபாவ் நிலையம் பாகிஸ்தான் வசம் போனது. ஜெய்சல்மேர் பக்கம் கிஷன்கர் கோட்டையும் போனது. இந்தியப் பக்கத்து நிலையமான கத்ரா ரோடு வழியாக நம் படைக்குச் சரக்கு கொண்டுபோன ரயில்வே ஊழியர்கள் 17 பேர் உயிரிழந்தார்கள், இன்றைக்கும் அங்கே வருடந்தோறும் செப்டம்பர் 9 அன்று அஞ்சலி நடக்கிறது. 1966 ஜனவரியில் தாஷ்கண்ட் ஒப்பந்தம் வந்து, இரு தரப்பும் பழைய இடத்துக்குத் திரும்பின.

அரசு அனுமதி கொடுத்ததில் தந்திரம் இருந்தது என்பது என் எண்ணம். ஹூர்களைத் தனிப்படையாகத் திரிய விடாமல், ரேஞ்சர்கள், ராணுவ அதிகாரிகள் என்று அரசாங்கக் கட்டளைக்குள் கொண்டுவந்தார்கள். பின்னாளில் ராணுவத்துக்குத் துணையான முஜாஹித் படையில் அவர்களுக்கென்று இடமும் கொடுத்தார்கள். யாரைக் கண்டு அரசாங்கம் பயந்ததோ அவர்களுக்கே சீருடை போட்டுவிட்டால் பயம் தீர்ந்தது. பீருக்கும் நஷ்டமில்லை. கலகக்காரர் மகன் என்ற பெயர் போய், ராணுவத் தலைமையகத்தின் ஆள் நான் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கிற செல்வாக்கு வந்தது. 1985இல் பாகிஸ்தான் பிரதமரான முகமது கான் ஜுனேஜோ இவருடைய சீடர். குதிரைப் பந்தயம் ரசித்து, அரசியல் ஆரூடம் சொல்லி, பத்திரிகைக்காரர்களைச் சிரிக்கவைத்து, 2012 ஜனவரியில் லண்டனில் காலமானார்.

ஆனால் தலைப்பாகைக்கு எல்லைக்கோடு தெரியாது. அதே பீர் பரம்பரைக்கு ஜெய்சல்மேரிலும் பார்மேரிலும் சீடர்கள் உண்டு, இந்தியக் குடிமக்கள். ஜெய்சல்மேரில் பீர் பகாரோவின் பிரதிநிதி என்று அறியப்பட்டவர் காஜி ஃபகீர். 2021இல் அவர் காலமாகும் வரை, அவர் கைகாட்டினால் ஓட்டு விழும் என்று எல்லாக் கட்சிக்கும் தெரிந்திருந்தது. அவருடைய மகன் சாலே முகமது ராஜஸ்தானில் அமைச்சராகவே ஆனார். 2006இல் இரு நாட்டுக்கும் இடையிலான தார் எக்ஸ்பிரஸ் ரயில் மறுபடி ஓடத் தொடங்கி 2019இல் நிற்கும் வரை, முனாபாவ் வழியாக அக்கரைக்குப் போனவர்களில் உறவுக்காரர்களைப் பார்க்கப் போனவர்கள் பாதி என்றால், பீர் ஜோ கோட்டுக்கு நேர்ந்துகொண்டு போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆறாவது பீரின் கல்லறை எங்கே என்று அவர்களிடம் கேட்டாலும் பதில் கிடைக்காது.

நன்றி, வணக்கம்.