ஒரு குரலும் ஒரு வீணையும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சங்கத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அரங்கம் தந்து உதவிய கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் என் தமிழாசிரியர் புலவர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதுக்கவிதைக்கு இசையமைப்பது பற்றித் தாளம், கருவி, மேடை என மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நான் எங்கும் சொல்லும் பழமொழியை இங்கும் சொல்கிறேன்: அகல உழுவதை ஆழ உழு.

1934இல் ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ கவிதை ‘மணிக்கொடி’ இதழில் வந்தது. 1959இல் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் பிறந்தது. யாப்பை விட்ட கவிதை அச்சில் நிலைத்துவிட்டது. கச்சேரி மேடைக்குத்தான் இன்னும் அதிகம் வரவில்லை. ஆதிதாளத்தில் அடங்காது என்கிறார்கள். ஏன் அடங்க வேண்டும்? விருத்தம்போல் தாளமின்றிப் பாடுங்கள். வரி முடியுமிடத்தில் குரல் நிற்கட்டும், வீணை பேசட்டும். தாளம் வேண்டுமென்றால் வீணையில் சுண்டுவிரல் மீட்டும் மூன்று பக்கத் தந்திகள் இருக்கின்றன. பக்கவாத்தியங்கள் கூடக் கூடச் சொல் அமுங்கிவிடும். அகல உழுவதை ஆழ உழு!

ஒரு கச்சேரியில் நடந்ததைக் கேளுங்கள். பாடியவர் இளைஞர், அருமையான குரல். கவிதை ‘மலை’ என்று முடிகிறது. அவர் அந்த மகரத்தில் கமகம் போட்டு, அதாவது சுரத்தை அசைத்து இழுத்து, ஏறினார், இறங்கினார், மீண்டும் ஏறினார். கேட்பவர் காதில் அது ‘மாலை’ ஆகிவிட்டது. நடுவரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். “தம்பி, கவிஞர் மலைக்குத்தானே போனார்? கையில் மாலை எப்படி வந்தது?” அரங்கமே அதிர்ந்தது. அந்த இளைஞர் கோபப்படவில்லை. கும்பிட்டார். சுருதியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வரியைப் பேசிப் பார்த்தார். பிறகு குறிலைக் குறிலாகவே பாடி நிறுத்தினார். நீட்ட வேண்டியதை எல்லாம் வீணை நீட்டியது. பெரியவர்தான் முதலில் கைதட்டினார்.

குழலா, வீணையா, வயலினா என்பதை இன்னொரு நாள் பேசலாம். எனக்கு மேடைதான் முக்கியம். 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கம் கண்டார். பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ தண்டபாணி தேசிகரால் தேஷ் ராகம் பெற்றது. அப்படியிருந்தும் பல இசைச் சபாக்களில் தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவாகவே, கச்சேரி முடிவில் பாடும் சிறு உருப்படியாகவே நிற்கிறது. கச்சேரியின் நடுவில் அரை மணி நேரம் ஒரு புதுக்கவிதைக்கு, ஒரு குரலுக்கு, ஒரு கருவிக்குத் தாருங்கள் என்று சபாக்களைக் கேட்கிறேன்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாதம் ஒரு மாலை நகர்மன்ற அரங்கை வாடகையின்றித் தாருங்கள். இதற்கான விண்ணப்பம் வாயிலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுத்தான் எல்லோரும் உணவுக்குப் போக வேண்டும். முதல் கையெழுத்தைப் புலவர் ஐயா இடுவார்.