மல்கோவா தோப்பைக் காட்டியது யார்? பட்டிமன்றத்தில் ஆர்பிட்டர் அணியின் உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அம்மாபேட்டையிலிருந்தும் அஸ்தம்பட்டியிலிருந்தும் வந்து, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் சேலத்து மக்களே, வணக்கம்.

கோள்களை அறியப் பெரிதும் உதவுவது மேலே சுற்றும் ஆர்பிட்டரா, தரையில் இறங்கும் லேண்டரும் அங்கே ஊர்ந்து ஓடும் ரோவருமா? இதுதான் தலைப்பு. நான் ஆர்பிட்டர் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் முழுக்கத் தெரியும். சேலத்து மல்கோவா ருசி தெரியுமா?" என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போனார். நானும்தான் தட்டினேன். ருசி தெரியாது, சரி. ஆனால் தோப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் இறங்கினால், கொண்டலாம்பட்டி பைபாஸில் வெயிலில் நிற்க வேண்டியதுதான் தம்பி!

ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிறவர்கள் வெள்ளைக்கல் சுரங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த பாறைக்குள் நரம்பு நரம்பாக வெள்ளை ஓடும். அதுதான் மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைந்த பாறையில் கரியமில வாயு கலந்த நீர் ஊறி உண்டானது. அதே இனத்துக் கார்பனேட் செவ்வாயிலும் இருக்கிறது. (செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் மன்னிக்க, நான் சொல்வது வானத்துச் செவ்வாய்.) கண்டுபிடித்தது ரோவரா? இல்லை. நாசாவின் மார்ஸ் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே, பாறையில் பட்டுத் திரும்பும் வெயிலைப் பிரித்துப் பார்த்தது. ஒவ்வொரு கனிமமும் அகச்சிவப்பில் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கிவிடும். எது குறைகிறது என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். 2008-ல் செவ்வாயின் நைலி ஃபோசே பகுதியில் ஆலிவின் பாறைகளோடு மெக்னீசியம் கார்பனேட் இருப்பதை அப்படித்தான் அறிவித்தார்கள். பக்கத்திலேயே ஜெசெரோ பள்ளம்; பழைய ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேடும் மேலிருந்தே தெரிந்தது. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ரோவர் அங்கே இறங்கியது. எந்தப் பள்ளம் என்று கைகாட்டியது எங்கள் ஆள்!

1971-க்கு வாருங்கள். செவ்வாய் முழுக்கப் புழுதிப் புயல். நாசாவின் மரைனர் 9 நவம்பரில் போய்ச் சேர்ந்தது. படமெடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. சுற்றிக்கொண்டே காத்திருந்தது. புழுதி அடங்கியதும் ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலை, 4,000 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சோவியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 லேண்டர்களுக்குக் காத்திருக்க வழியில்லை. புயலுக்குள்ளேயே இறங்கின. ஒன்று மோதி நொறுங்கியது. இன்னொன்று பத்திரமாக இறங்கி அரை நிமிடம்கூடப் பேசவில்லை. அதற்குள்ளே ஒரு குட்டி ரோவரும் இருந்தது, பாவம்.

அப்புறம் சித்தம்பூண்டி. "நம்ம நாமக்கல் பக்கத்து மண்ணில் பழகித்தான் சந்திரயான் நிலவுக்குப் போனது" என்று எதிரணி பெருமைப்பட்டது. எங்களுக்கும் பெருமைதான். சந்திரயான்-3-இன் ரோவர் பிரக்யான் லேசரால் மண்ணைச் சுட்டுக் கந்தகம் இருப்பதைச் சொன்னது. அதை ஆர்பிட்டரால் செய்திருக்க முடியாது. ஆனால் 2019-ல் விக்ரம் லேண்டர் விழுந்து உடைந்தபோது சந்திரயான்-2-இல் மிச்சமிருந்தது எது? ஆர்பிட்டர். அது எடுத்த துல்லியப் படங்களை வைத்துத்தான் 2023-ல் சந்திரயான்-3 இறங்க இடம் பார்த்தார்கள். பிரக்யான் ஓடியது சுமார் 100 மீட்டர். ஒரு நிலவுப் பகல் முடிந்ததும் தூங்கியது, எழவில்லை.

ரோவர் பேசுவதற்கும் நாங்கள் வேண்டும் நடுவர் அவர்களே. செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ரோவர் அனுப்பும் தரவில் பெரும்பகுதி மேலே போகும் ஆர்பிட்டர் வழியாகத்தான் பூமிக்கு வருகிறது. 2003 கிறிஸ்துமஸ் அன்று செவ்வாயில் இறங்கிய பிரிட்டனின் பீகிள் 2 லேண்டரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நொறுங்கிவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 2015-ல் ஆர்பிட்டர் படத்தில் கண்டுபிடித்தார்கள்: முழுசாக உட்கார்ந்திருக்கிறது! சூரியத் தகடுகள் எல்லாம் விரியாததால் அடியில் இருந்த ஆன்டெனா மூடிக்கிடந்தது. காணாமல் போன பிள்ளையைத் தேடித் தந்ததும் நாங்களே.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மாவிடம் ஒரே கேள்வி. ஆர்பிட்டர் எடுத்த படத்தைப் பார்க்காமல் இடம் தேர்ந்து, செவ்வாயில் இறங்கி வேலை செய்த ரோவர் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள். 1971-ல் போன அந்தக் குட்டியைச் சொல்லிவிடாதீர்கள் அம்மா, அது வெளியே வரவே இல்லை!