நசுங்கிய சதைக்கு அழுத்தத்தில் ஆக்சிஜன்

நேயர்களுக்கு வணக்கம்.

லாரிச் சக்கரம் ஏறிய ஒரு காலை நினைத்துக்கொள்ளுங்கள். முறிந்த எலும்பைக்கூட நேராக்கிவிடலாம். எங்களுக்குக் கவலை சதைதான். அறுவை மேசையில் அதை இடுக்கியால் மெல்லக் கிள்ளிப் பார்ப்போம். துடித்தால், வெட்டிய இடத்தில் ரத்தம் கசிந்தால், உயிர் இருக்கிறது. கறுத்துத் துவண்டு கிடந்தால் வெட்டி எடுத்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே, நிறம் மங்கி ஊசலாடுகிற சதை கொஞ்சம் இருக்கும். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை அதைக் காப்பாற்றத்தான்.

நசுங்கிய இடம் வீங்குகிறது. வீக்கம் நுண்ணிய ரத்தக் குழாய்களை நெரிக்கிறது. ஆக்சிஜன் போய்ச் சேராததால் இன்னும் வீங்குகிறது. இந்தச் சுழலை உடைக்க, நோயாளியை ஓர் அறைக்குள் வைத்து, காற்றழுத்தத்தை இரண்டு, இரண்டரை மடங்கு ஏற்றி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறோம். கோலி சோடாவில் வாயு கரைந்து நிற்பது அழுத்தத்தால்தானே? அதேபோல ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்சிஜன் கரைகிறது. சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லிதான்; மூன்று மடங்கு அழுத்தத்தில் அது சுமார் 6 மில்லி ஆகும். 1960-ல் ஆம்ஸ்டர்டாமில் ஈட்டே போரேமா என்ற அறுவை மருத்துவர், சிவப்பணுக்களைப் பெரும்பாலும் நீக்கிய பன்றிக்குட்டிகளை இந்த முறையில் உயிரோடு வைத்துக் காட்டினார். அப்புறம், இந்த ஆக்சிஜன் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வீக்கமும் குறைகிறது.

1996-ல் பிரான்சில், கை கால் நசுங்கிய 36 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிகிச்சை பெற்ற 18 பேரில் 17 பேருக்குக் காயம் முழுதாக ஆறியது. மற்ற 18 பேரில் 10 பேருக்கு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மற்றவர்களையும் அறைக்குள் வைத்துச் சாதாரணக் காற்றையே கொடுத்து ஒப்பிட்டார்கள் என்பதால் நான் அதை மதிக்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிழிந்த தமனியைத் தைப்பதும், செத்த சதையை நீக்குவதும், இறுகிய தசையுறையைக் கீறிவிடுவதும் முதலில் நடக்க வேண்டும். அறைக்காக அறுவை காத்திருக்கக் கூடாது. நெஞ்சிலும் அடிபட்டு நுரையீரலைச் சுற்றிக் காற்று கட்டியிருந்தால், அதைக் குழாய் போட்டு வெளியேற்றாமல் உள்ளே அனுப்பவே கூடாது.

ஒரு தடவைக்கு ஏறக்குறைய 90 நிமிடம். ஊட்டியிலிருந்து இறங்கும்போது போலக் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். தலையில் எண்ணெய், கையில் செல்போன் இரண்டும் ஆகாது. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் சிறு பொறியும் தீயாகிவிடும்.

அந்தப் பிரெஞ்சு ஆய்வில் அறுவை முடிந்து 24 மணி நேரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கினார்கள். எனவே உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், முதல் அறுவை முடிந்த அன்றைக்கே டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.