பழைய ஜீப்புக்கு இன்ஜின் வேலையா, இன்ஜின் மாற்றமா? ஒடுகத்தூர் நேயரின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒடுகத்தூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, எங்களிடம் அப்பா காலத்து மகிந்திரா எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. பீஞ்சமந்தைப் பக்கம் நிலம் இருப்பதால் வண்டி அடிக்கடி மலை ஏறும். திரும்பும்போது புளி, சாமை மூட்டைகளோடு இறங்கும். இப்போது ஏற்றத்தில் நீலப் புகை தள்ளுகிறது, ஆயில் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. ஒரு மெக்கானிக் முழு இன்ஜின் வேலை பார்க்கச் சொல்கிறார். இன்னொருவர், அந்தச் செலவுக்கு ஒரு பழைய பொலேரோ டிஐ (டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பாயும் வகை) இன்ஜினை வாங்கி வைத்துவிடலாம், இழுவையும் கூடும் என்கிறார். எதைச் செய்வது?"

தம்பி, அந்த இருவருமே இன்ஜினைத் திறக்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் நீலப் புகைக்கும் ஒரே காரணம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது பியூஜோ எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), அதனால்தான் அந்தப் பெயர், 2112 சிசி. இதில் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் பாய்வதில்லை. பக்கத்தில் உள்ள சிறிய அறையில் பாய்ந்து அங்கே தீப்பிடித்த பிறகுதான் சிலிண்டருக்குள் வருகிறது. அந்த அறை குளிர்ந்திருக்கும்போது சூடேற்ற ஹீட்டர் பிளக் வேண்டும். நான்கில் இரண்டு பிளக் செத்திருந்தாலே மார்கழிக் காலையில் வண்டி அடம்பிடிக்கும். இன்ஜின் வேலைக்குப் பணம் எண்ணுவதற்கு முன்னால் அந்தப் பிளக்குகளைச் சோதியுங்கள்.

அடுத்து, வண்டி சூடான பிறகு ஐட்லிங்கில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை விட்டுவிட்டு வேகமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது என்று பொருள். அதோடு டீசல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்றை அமுக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தால் இன்ஜின் தேய்ந்துவிட்டது. ஒன்று மட்டும் குறைந்து மற்ற மூன்றும் நன்றாக இருந்தால் வால்வு, ஹெட் கேஸ்கெட், உடைந்த ரிங் என்று ஏதாவது ஒன்றில்தான் கோளாறு. அதற்கு முழு வேலை வேண்டியதில்லை.

சோதனையில் இன்ஜின் தேய்ந்தது உறுதியாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) செய்வதா, இன்ஜினையே மாற்றுவதா என்பதை நானோ உங்கள் மெக்கானிக்கோ முடிவு செய்ய முடியாது. அதை முடிவு செய்வது லேத்காரர் கையில் இருக்கும் மைக்ரோமீட்டர். கழற்றிய பிளாக்கையும், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க்கையும் லேத்துக்குக் கொண்டு போங்கள். ஒவ்வொரு போரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து தாளில் எழுதிக் கேளுங்கள். கிராங்க்கை 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகத்தான் கிரைண்ட் செய்வார்கள். முன்பே யாராவது கடைசி அளவு வரை கிரைண்ட் செய்திருந்தால் அந்தக் கிராங்க்கின் ஆயுள் முடிந்தது. விரிசல் சோதனையும் அவசியம். பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க்கில் இன்னும் இரும்பு மிச்சம் இருக்கிறது, அளவுக்கேற்ற பிஸ்டனும் பேரிங்கும் கிடைக்கின்றன என்றால் உங்கள் இன்ஜினையே செய்யுங்கள். என் பதில் அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய இரும்புக் கடையில் கிடக்கும் இன்ஜின் இன்னொருவர் ஓட்டித் தேய்த்த இன்ஜின். கழுவி வர்ணம் அடித்து, சங்கிலியில் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள். சுமை இல்லாமல் ஓடும்போது எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான். வாங்கி வைத்து முதல் ஏற்றத்தில் அதுவும் புகை தள்ளினால், இன்ஜின் விலையோடு இன்ஜின் வேலைச் செலவும் உங்கள் தலையில்தான்.

டிஐ இன்ஜினுக்கு இழுவை கூடுதல் என்று அவர் சொன்னது பொய்யில்லை. 88.9 மில்லிமீட்டர் போர், 101.6 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்), 2523 சிசி. நீளமான ஸ்ட்ரோக் என்பதால் குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தின் எம்டிஐ 3200 என்ற பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. நிமிடத்துக்கு 3200 சுற்றோடு அது நின்றுவிடும். எக்ஸ்டிபி 4500 வரை சுற்றும். பழைய ஜீப்களில் பரவலாக இருக்கும் கிரவுன் பினியன் (அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) எட்டுக்கு நாற்பத்து மூன்று பல், அதாவது 5.38 விகிதம். அதையே வைத்துக்கொண்டு டிஐ இன்ஜினை மாட்டினால், 16 அங்குல ரிம்மில் வழக்கமான டயரோடு டாப் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே இன்ஜின் மூச்சடைத்துவிடும். மலையில் அது குறையாகத் தெரியாது. பள்ளிகொண்டாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினால் பின்னால் வரும் லாரிக்காரர்கள் உங்களுக்குப் புரியவைப்பார்கள். கிரவுன் பினியனை மாற்றலாம்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும். செலவு இப்படித்தான் கிளை விடுகிறது.

இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் பொருந்துமா? இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப் முன் அச்சில் இடிக்காமல் நிற்குமா? சமதரையில் விரல்கடை இடைவெளி தெரியும். பாறையில் ஒரு சக்கரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் இடிக்கும். பிரேக் பூஸ்டர் இருக்கும் வண்டியானால் அதற்கு வேண்டிய வாக்குவம் பம்ப் புது இன்ஜினில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூட்டையோடு மலை இறங்கும் வண்டி, இதில் விளையாட்டு கூடாது. பொலேரோவின் பிற்காலத்து காமன் ரெயில் இன்ஜின் (டீசல் பாய்வதைக் கணினி கட்டுப்படுத்தும் வகை) என்றால் சென்சார், வயரிங், கணினிப் பெட்டி எல்லாம் கூடவே வரும். பீஞ்சமந்தையில் வண்டி நின்றுவிட்டால் ஸ்பேனரை வைத்துச் சரிசெய்யக்கூடிய இன்ஜின்தான் உங்களுக்கு வேண்டும்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டிய நிலை, அதாவது உங்கள் பிளாக் உடைந்துவிட்டது என்றால், அதே வகை எக்ஸ்டிபி இன்ஜினையே தேடுங்கள். வாங்கிய பில்லை வைத்துக்கொண்டு, மாற்றுவதற்கு முன்பே வேலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேட்டு, புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். உங்கள் வண்டி 15 ஆண்டைத் தாண்டியது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது எண் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனமும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கும். பில் இல்லாத இன்ஜினைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருக்கலாம்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் நினைப்பது வேறு. இந்த இன்ஜின் ஏன் தேய்ந்தது என்று யாருமே கேட்கவில்லை. நம் பக்கத்தில் போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றுவது பழக்கம். பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாயிலும் பிளாக்கின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. கத்திரி வெயிலில், லோ கியரில், காற்றோட்டம் இல்லாமல் மலை ஏறும்போது சூடு வெளியேற வழியில்லை. ஹெட் வளைகிறது, ரிங் இளகுகிறது. இன்னொரு எதிரி தூசு. இந்த ஜீப்களில் பெரும்பாலும் ஆயில் நிரப்பிய ஏர் கிளீனர்தான். வண்டி சாய்ந்து சாய்ந்து ஏறும்போது அந்த ஆயில் சிந்திக் குறையும். பிறகு உள்ளே போவது வடிகட்டாத காற்று. ஏர் கிளீனருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸில் சின்னக் கிழிசல் இருந்தாலும் போதும், செம்மண் தூசு உப்புத்தாள் போல சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

ஆகவே ரீபோர் செய்தாலும் சரி, இன்ஜினை மாற்றினாலும் சரி, ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பிளாக்கின் தண்ணீர்ப் பாதையையும் லேத்திலேயே கழுவச் சொல்லுங்கள். புது ஹோஸ், புது தெர்மோஸ்டாட் போடுங்கள். போர்வெல் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். வேலையைச் செய்யாமல் விடுவதானால்கூட இவற்றைச் செய்துவிடுங்கள். நாசில்களையும் பம்ப்பையும் தனியாக டீசல் பம்ப் கடையில் சோதியுங்கள். பழுதான நாசில் டீசலைத் தூவாமல் ஒழுகவிட்டால் புதுப் பிஸ்டனும் கருகும்.

வேலை முடிந்த வண்டியை உடனே மூட்டையேற்றி மலைக்கு விரட்டாதீர்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டு, பள்ளிகொண்டா என்று சமதரையில் முதல் 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் இல்லாமல் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடாதீர்கள். புது ரிங் படிய மிதமான சுமை வேண்டும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு பீஞ்சமந்தைக்கு ஏறுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேத் அளவுத் தாளின் படத்தை எனக்கு அனுப்பினால், போர் எந்த அளவுக்குப் போகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அடுத்த கேள்வி குடியாத்தத்திலிருந்து வந்திருக்கிறது, கிளட்ச் பற்றியது.