கருத்தரங்கு முடிந்த பிறகு ஐந்து நிமிடம்

(ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியின் இயற்பியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, பேராசிரிய நண்பர்களே, என் அன்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மேடையில் உட்கார்ந்ததும் நீங்கள் இடம் பிடித்த விதத்தைத்தான் முதலில் பார்த்தேன். கடைசி வரிசை முதலில் நிரம்பியது. அப்புறம் அதற்கு முந்தின வரிசை. முன்னால் இரண்டு வரிசை வெறுமனே கிடந்தது. உங்கள் ஆசிரியர் ஒருவர் வந்து எழுப்பி அனுப்பிய பிறகுதான் அங்கே ஆள் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு டவுன் கல்லூரிக்கு வந்தவள்தான். என் முதல் கருத்தரங்கில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். பேசுகிறவர் என்னைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயம் இரண்டு மணி நேரமும் வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அறிவியல் கருத்தரங்குகள், வேலைக்குத் தயாராவது என்று இரண்டு தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று சொல்ல ஒரு பழைய சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

1928-இல் ஜெர்மனியிலிருந்து ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அணுவைப் பற்றி அன்றைக்கு உலகமே படித்த பாடநூலை எழுதியவர். மாநிலக் கல்லூரியில் அவர் பேசினார். அங்கே இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் அந்தப் பாடநூலை ஏற்கெனவே தானாகவே படித்து முடித்திருந்தார். பேச்சு முடிந்தது, கைதட்டினார்கள், கூட்டம் கலைந்தது. சந்திரசேகர் மட்டும் அதோடு விடவில்லை. மறுநாள் சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டார்.

உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்ன பிள்ளைக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? அந்தப் புத்தகத்தில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதுதான். குவாண்டம் இயக்கவியலோடு ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் வந்த பிறகு எல்லாமே மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் எடுத்துச் சொன்னார். கஷ்டப்பட்டுப் படித்ததெல்லாம் வீணா என்று அந்த இடத்தில் யாருக்கும் மனசு விட்டுப்போகும். ஆனால் சோமர்ஃபெல்ட் இன்னொன்றும் செய்தார். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று புதிய முறையில் எழுதியிருந்த, அப்போது வெளிவராத தன் கட்டுரையின் ப்ரூஃபை எடுத்து அந்த மாணவர் கையில் கொடுத்தார்.

அதை வைத்துக்கொண்டு சில மாதங்களில் சந்திரசேகர் தானே ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த ஃபௌலர் மூலமாக அது 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அடுத்த ஆண்டு அரசு உதவித்தொகையில் கப்பலேறி அதே ஃபௌலரிடம் படிக்கப் போனார். போகிற வழியில் கப்பலில் உட்கார்ந்து போட்ட கணக்கில்தான் வெண்குறு விண்மீன்களின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களின், நிறைக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்று கண்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று நாம் பாடத்தில் படிக்கிறோமே, அந்தச் சந்திரசேகர் வரம்பு. 1983-இல் நோபல் பரிசும் வந்தது.

அவர் மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மேதைக்கும்கூட, தான் படித்தது பழையதாகிவிட்டது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. பாடப்புத்தகம் அதைச் சொல்லாது. கருத்தரங்குக்கு வருகிற மனிதர்தான் சொல்ல முடியும். அதுவும் மேடையில் இருக்கும்போது சொல்வதைவிட, இறங்கி வந்து டீ குடிக்கிற ஐந்து நிமிடத்தில்தான் சொல்வார்.

இதை வேறொரு கல்லூரியில் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்து கேட்டார். "மேடம், சந்திரசேகருக்கு சி.வி. ராமன் சித்தப்பா. எங்களுக்கு யார் இருக்காங்க?"

பல நாள் என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அது. அவர் கேட்டது முழுக்க நியாயம். வீடு நிறையப் புத்தகம், சரளமான ஆங்கிலம், ஹோட்டல் வாசலில் போய் நிற்கும் துணிச்சல் இதெல்லாம் சிலருக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அன்றைக்குச் சித்தப்பா செய்திருக்கக்கூடிய வேலையை இன்று சில விண்ணப்பப் படிவங்கள் செய்கின்றன. அந்தப் படிவம் எங்கே இருக்கிறது, எந்த மாதம் வரும் என்பதுதான் நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவதில்லை. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

பெங்களூரில் ராமன் 1934-இல் தொடங்கிய அறிவியல் அகாடமி இருக்கிறது. அதுவும் டெல்லியில் ஒன்று, பிரயாக்ராஜில் ஒன்று என மற்ற இரண்டு தேசிய அகாடமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்றைத் தருகின்றன. இரண்டு மாதம். உண்மையான ஆய்வுக்கூடத்தில், உண்மையான விஞ்ஞானியோடு வேலை. உதவித்தொகையும் உண்டு. ஆண்டின் கடைசி மாதங்களில் அறிவிப்பு வரும். அதாவது கோடை விடுமுறை பற்றி யாருமே நினைக்காத மழைக்காலத்தில் விண்ணப்பம் போட வேண்டும். மார்ச் மாதம் வந்து "மேடம், சம்மர் இன்டர்ன்ஷிப் ஏதாவது இருக்கா?" என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையம் போன்ற இடங்களும் தனித்தனியாகக் கோடைப் பயிற்சி நடத்துகின்றன. கணிதம் படிக்கிறவர்களுக்கு எம்.டி.டி.எஸ். என்ற பயிற்சி முகாம் 1993 முதல் இருக்கிறது. அங்கே ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள முடியாது. கேள்வி மேல் கேள்வி கேட்டு உங்களையே நிரூபிக்க வைப்பார்கள்.

இந்த விண்ணப்பங்களில் பெரும்பாலும் இரண்டு விஷயம் கேட்பார்கள். ஒன்று, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். இதை மேடையில் இருக்கும் என் நண்பர்களும் ஒப்புக்கொள்வார்கள். அறுபது பேர் வகுப்பில் மூன்று வருஷம் வாயே திறக்காத பிள்ளைக்கு என்ன எழுதுவது? நல்ல ஒழுக்கம், வருகை சரியாக உள்ளது என்று எழுதலாம். அது கடிதமே இல்லை. "வெர்னியரில் பூஜ்யப் பிழையை எந்தப் பக்கம் கழிப்பது என்பதை இவர் ஒருவர்தான் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிந்தார்" என்று ஒரு வரி எழுத முடிந்தால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த வரியை எழுதும் வாய்ப்பை நீங்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும்.

இன்னொன்று, ஏன் இதில் சேர விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் ஒரு பக்கம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மாணவி இதை எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கியிருந்தது. ஆயிரம் பேர் எழுதுகிற வரி. தாளைக் கீழே வைத்துவிட்டு, போன வருஷம் நீயாக ஏதாவது செய்து பார்த்தாயா என்று கேட்டேன். ரொம்பத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் அப்பா ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடும் வண்டியில் வேலை பார்த்தவர். எந்தப் போரில் தண்ணீர் உப்பு, எதில் நல்ல தண்ணீர் என்று வீட்டில் எப்போதும் பேச்சு. அவள் துணைப்பாட வேதியியல் லேபில் தண்ணீரில் உப்பு கூடினால் எண்ணும் கூடிக் காட்டும் கடத்துத்திறன் மீட்டரைப் பார்த்ததும், ஊரில் பதினோரு போர்களிலிருந்து வாட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து அளந்திருக்கிறாள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. கண்மாய்ப் பக்கம் இருந்த போர்களில் எண் குறைந்தது. ஒன்றில் மட்டும் ஏறியது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இருந்தது. இது சிலபஸில் இல்லையே, அதனால் எழுதவில்லை என்றாள். அதையே எழுது என்றேன். ஒரு போரில் ஏறியது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசை என்பதையும் சேர்த்து எழுது என்றேன். எழுதினாள். இடம் கிடைத்தது. போவதற்கு முன்னால் இன்னொரு படி இருந்தது. பெண் பிள்ளை இரண்டு மாதம் வெளியூரில் எங்கே தங்கும் என்று அவள் அம்மா கேட்டார். நான் அவர்கள் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அந்த நிறுவனத்தின் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது ஒன்றுதான். அந்தத் திண்ணைவரை போய் வாருங்கள். நிறைய பிள்ளைகளின் படிப்பு அங்கேதான் நின்றுபோகிறது.

சரி, எங்கள் ஊருக்கு எந்த சோமர்ஃபெல்ட் வரப்போகிறார் என்று கேட்கலாம். அதற்கும் சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது. அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற இயற்பியல் பேராசிரியர், கோட்பாட்டு இயற்பியலுக்கு இங்கே தனி நிறுவனம் இல்லாத காலத்தில், மயிலாப்பூரில் ஏகாம்ர நிவாஸ் என்ற தன் வீட்டிலேயே மாணவர்களை உட்கார வைத்து கருத்தரங்கு நடத்தினார். வீடு பெரியதுதான், கூட்டம் சிறியது. வெளிநாட்டு விஞ்ஞானி யார் சென்னைக்கு வந்தாலும் அங்கே அழைத்துப் பேச வைத்தார். 1960 ஜனவரியில், அணு மாதிரிக்குப் பெயர்பெற்ற நீல்ஸ் போரே அங்கே வந்தார். சென்னையில் கண்ட அந்தச் சின்ன மாணவர் குழுவைப் பற்றி அவர் வியந்து பேச, செய்தி நேருவின் காதுக்குப் போனது. அன்றைய சென்னை மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தரமணியில் இன்று நீங்கள் பார்க்கும் மேட்சயின்ஸ் அதுதான். தொடக்க விழா நடந்தது மாநிலக் கல்லூரியில். தொடங்கி வைத்தவர், 1928-இல் ஹோட்டலுக்குப் போய் நின்ற அதே சந்திரசேகர்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். உங்களுக்கு ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை, வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் இருந்தால் போதும். பெங்களூரில் ஐ.சி.டி.எஸ். என்ற கோட்பாட்டு அறிவியல் மையத்தின் உரைகள் யூடியூபில் இலவசம். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்கள் இருக்கின்றன. ஒரு வாரம் ஒருவர் ஒன்றைப் பார்த்து வந்து, தமிழில், சாக்பீஸ் பிடித்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். பொன்னாடை வேண்டாம், நினைவுப் பரிசு வேண்டாம், பேனர் வேண்டாம். எட்டுப் பேர் வந்தால் அது கருத்தரங்குதான்.

சர்டிபிகேட் பற்றியும் சொல்ல வேண்டும். இணையவழிக் கூட்டத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, கடைசியில் படிவத்தை மட்டும் நிரப்பி வாங்கிய நாற்பது இ-சர்டிபிகேட்டுகளை ஃபைலில் போட்டுக்கொண்டு ஒரு பையன் நேர்முகத் தேர்வுக்கு வந்தான். நான் அந்தக் குழுவில் இருந்தேன். இவற்றில் ஏதாவது ஒரு கூட்டத்தில் கேட்டதைச் சொல்லுங்கள் தம்பி என்றோம். ஒன்றும் வரவில்லை. கண் கலங்கிவிட்டான். அவனை அப்படி ஓடவிட்ட எங்கள் தலைமுறைமேல்தான் எனக்குக் கோபம் வந்தது. அதைவிட மோசம், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் உங்கள் கட்டுரையைச் சர்வதேச ஆய்விதழில் போடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி. யாரும் படித்துத் திருத்தாமல் வெளியாகும் கட்டுரை உங்கள் பெயருக்குக் கறை. அந்தக் காசுக்கு அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக்கொடுங்கள்.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரம் எல்லாம் உங்கள் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இளநிலை முடித்து ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம். முதுநிலைக்குப் பிறகு ஆராய்ச்சிக்குப் போக சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட், ஜெஸ்ட். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அந்தத் தேர்வின் முதல் பகுதி எல்லாப் பாடத்துக்கும் பொது. இருபது கேள்வியில் பதினைந்து எழுதினால் போதும், முப்பது மதிப்பெண். வரைபடம் படிப்பது, விகிதம், தர்க்கம் இவ்வளவுதான். இரண்டாம் ஆண்டிலேயே இதைப் பழகத் தொடங்கலாம்.

ஆராய்ச்சி ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும்போது, கட்டிக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில், பக்கத்தில் இருக்கும் தண்டுவடத்துக்கு எவ்வளவு போய்விடும் என்று கணக்குப் போடுகிறவர் யார்? டாக்டர் மட்டும் இல்லை. மருத்துவ இயற்பியலாளர் என்று ஒருவர் அங்கே இருக்கிறார். இயற்பியல் பட்டம் வாங்கி, அப்புறம் மருத்துவ இயற்பியலில் முதுநிலை படித்தவர். அண்ணா பல்கலைக்கழகத்திலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. புதுக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் காப்புரிமை முகவர் ஆகத் தேர்வு எழுத அறிவியல் பட்டம் போதும், சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. இந்த இரண்டும் எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. அதுவும் எப்படி? ஒரு கருத்தரங்கின் சாப்பாட்டு வரிசையில், சாம்பார் சாதத் தட்டோடு முன்னால் நின்றவரிடம் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதில் முதலாவது தெரிந்தது.

இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று துறைத் தலைவர் சைகை காட்டுகிறார். அதை நான் பேசித் தீர்க்கப் போவதில்லை. மைக்கைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோங்கள் தம்பி. கேள்வி தமிழிலேயே வரட்டும். நீலத் துப்பட்டா போட்ட பிள்ளை, வெண்குறு விண்மீன் என்று நான் சொன்னபோது நீங்கள் கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கினீர்கள். முதலில் நீங்கள் கேளுங்கள்.