உப்பில் செய்த பனி

வணக்கம் நேயர்களே. மொன்றியலில் இருந்துகொண்டு பனியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலையில் காரைத் தோண்டி எடுத்துவிட்டு வந்தவர்கள் கோபித்துக்கொண்டு ரேடியோவை நிறுத்திவிடாதீர்கள். நான் பேசப்போவது நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பனி. அதிலும் பாதி பொய்ப் பனி.

வில்லியம் நோட்மன் என்றொருவர். ஸ்கொட்லாந்துக்காரர். 1856இல் இங்கே வந்து புளூரி வீதியில் புகைப்பட ஸ்டூடியோ நடத்தினார். அப்போது ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டில் வைத்துக் கழுவ வேண்டும். நம்முடைய ஜனவரியில் வெளியே நின்று இதைச் செய்வதென்றால் எப்படி இருக்கும்! கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துவிடும். விழுகிற பனியோ படத்தில் பதியவே பதியாது. தட்டில் உருவம் ஏறச் சில விநாடிகளாவது வேண்டும், அதற்குள் பனி தரைக்கு வந்துவிடும்.

சரி, மனிதர் என்ன செய்தார்? குளிர்காலத்தையே ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார். தரையில் உப்பும் ஆட்டு ரோமமும் பரப்பினால் பனி. துத்தநாகத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து விரித்தால் உறைந்த குளம். கொட்டுகிற பனிக்கு, வெள்ளைப் பெயின்டைக் காற்றில் தெளித்து, அந்தத் தூறலுக்குள் நெகட்டிவைக் காட்டினார். நெகட்டிவில் பெயின்ட் ஒட்டிய இடம் பிரின்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். 1866இல் அவர் எடுத்த கரிபு மான் வேட்டைப் படங்களைப் பாருங்கள். கூடாரம், துப்பாக்கி, தீ மூட்டிய முகாம்... மறுபடியும் சொல்கிறேன், எல்லாம் ஸ்டூடியோவுக்குள். நெருப்பு வெளிச்சம்கூட மக்னீசியத்தைக் கொளுத்தி வந்தது.

எனக்கு மிகப் பிடித்தது 1870ஆம் ஆண்டுப் படம். டிரமண்ட் வீதியில் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கு இருந்தது. 1875இல் உள்ளரங்கில் முதல் ஹொக்கி ஆட்டம் நடந்த இடம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே தெரியும். அங்கே விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் ஆர்தர் வந்த மாறுவேடத் திருவிழா. அத்தனை பேரை, அந்த வெளிச்சத்தில், சறுக்கிக்கொண்டிருக்கும்போது எப்படி எடுப்பது? நோட்மன் ஆட்களை வேடத்தோடு ஸ்டூடியோவுக்கு அழைத்தார். தனித்தனியாக எடுத்தார். பின்வரிசையில் நிற்கப்போகிறவருக்குச் சிறிய உருவம், முன்வரிசைக்குப் பெரிய உருவம். வெட்டி, தீட்டிவைத்த அரங்கத்தின் மேல் ஒட்டினார். ஏறக்குறைய முந்நூறு பேர்! நம் கல்யாண ஆல்பங்களில் வர முடியாத மாமாவைப் பின்னால் சேர்ப்பார்களே, அதே வேலைதான், கணினி இல்லாமல். உற்றுப் பாருங்கள், ஒருவரும் குளிரில் தோளைக் குறுக்கவில்லை. மூக்கிலிருந்து ஆவி வரவில்லை. எப்படி வரும்? ஸ்டூடியோவில் அடுப்பு எரிந்திருக்கும்!

இதைப் பித்தலாட்டம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. உப்புதான் பொய்; அந்தக் கம்பளிக் கோட்டும் ஸ்கேட்டும் அவரவர் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்தவை. தங்கள் குளிர்காலத்தை எப்படிக் காட்ட ஆசைப்பட்டார்கள் என்பது அதில் அப்படியே இருக்கிறது. காசுள்ளவர்கள் ஆசைப்பட்டது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வீதியில் பனி அள்ளியவர் மாறுவேடம் போட்டுக்கொண்டு வரவில்லை.

அவர்களைப் பார்க்க வெளியே எடுத்த படங்களுக்குப் போக வேண்டும். 1880களில் உலர்ந்த தட்டு, அதாவது முன்கூட்டியே மருந்து பூசிக் காயவைத்த கண்ணாடி, வந்ததும் அந்த வேலை எளிதானது. செயின்ட் லோரன்ஸ் ஆற்றில் நீளமான வாளால் பனிக்கட்டி அறுக்கும் ஆட்கள், பாளத்தைச் சுமக்கக் காத்து நிற்கும் குதிரைகள்... கோடையில் இறைச்சியும் பாலும் கெடாமலிருக்க அந்தக் கட்டிதான் வீடுவீடாகப் போனது.

மணி ஆகிவிட்டது, கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். உறைந்த ஆற்றின் மேல் தண்டவாளம் போட்டு ரயில் விட்ட கதையைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1880இலிருந்து சில குளிர்காலங்கள் இந்தக் கரை ஓஷலாகாவிலிருந்து அக்கரை லோங்கேய் வரை ஓடியது. 1881 ஜனவரியில் ஓர் எஞ்சின் பனி உடைந்து ஆற்றுக்குள் போனது. நோட்மன் படங்கள் ஷெர்புரூக் வீதி மக்கோர்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அவர்களுடைய இணையத்தளத்திலும் பார்க்கலாம். வணக்கம்.