குலை நோய்ப் பூஞ்சாணம் இழந்த மரபணுக்கள்

நேயர்களுக்கு வணக்கம். நெல் பயிரிடுவோர் அனைவரும் அறிந்த நோய் குலை நோய். இலையில் இரு முனையும் கூராகி, நடுவே சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் போல விரியும் புள்ளிகளையாவது மருந்தடித்துச் சமாளித்துவிடலாம். பால் பிடிக்கும் தருணத்தில் கதிரின் கழுத்து கறுத்துவிட்டால், தொலைவிலிருந்து முற்றிய கதிராகத் தெரிவது கையில் எடுத்துப் பார்க்கும்போது வெறும் பதராக இருக்கும். இதைச் செய்வது மேக்னபோர்தே ஒரைசே என்னும் பூஞ்சாணம்.

காற்றில் வரும் அதன் வித்து ஈர இலையில் ஒட்டிக்கொண்டு முளைத்து, நுனியில் மெலனின் என்னும் கருநிறமி பூசிய ஒரு சிறு குமிழை உண்டாக்குகிறது. கார் டயரில் உள்ளதைப் போல ஏறத்தாழ 40 மடங்கு அழுத்தம் அந்தக் குமிழுக்குள் திரள்கிறது. அந்த விசையால்தான் இலையின் தோல் துளைக்கப்படுகிறது.

2005-ஆம் ஆண்டு இப்பூஞ்சாணத்தின் மரபணுத்தொகுதி படித்து வெளியிடப்பட்டது. ஏழு குரோமோசோம்கள், சுமார் 11,000 மரபணுக்கள். அவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியவை, பயிருக்குள் அது சுரந்து அனுப்பும் சிறு புரதங்களுக்கு உரியவை. அப்புரதங்கள் பயிரின் எதிர்ப்பை அடக்கப் பயன்படுகின்றன. ஆனால், அவற்றில் ஒன்றை அடையாளம் காணும் எதிர்ப்பு மரபணு பயிரிடம் இருந்துவிட்டால், அதே புரதம் பூஞ்சாணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, காட்டிக்கொடுக்கும் மரபணுவை இழப்பது பூஞ்சாணத்துக்கு ஆதாயமாக முடிகிறது.

இதற்கு நம் கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல்லே சான்று. குலை நோய்க்கு எளிதில் ஆளாவதாலேயே பல நாட்டு ஆய்வகங்களில் ஒப்பீட்டு ரகமாகப் பயன்பட்ட நெல் அது. அதனிடமும் ஓர் எதிர்ப்பு மரபணு உண்டு. அது கண்டுகொள்ளும் பூஞ்சாண மரபணுவுக்கு ஏவிஆர்1-கோ39 என்றே பெயரிட்டிருக்கிறார்கள். வேறு புல்லினங்களைத் தாக்கும் சில வகைகளில் இம்மரபணு இருக்கிறது. நெல்லைத் தாக்கும் வகைகளில் பெரும்பாலானவை அதை இழந்துவிட்டன. கோ 39-இல் காவல் இன்னும் நிற்கிறது, அது தேடும் அடையாளத்தைப் பூஞ்சாணம் தொலைத்துவிட்டு வருகிறது.

கோதுமையிலும் இதுவே நடந்தது. பிரேசிலின் பரனா மாநிலத்தில் 1985-இல் கோதுமைக் குலை நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்குமுன் கோதுமையைக் காத்துவந்தவற்றுள் ஆர்டபிள்யூடி3 என்னும் எதிர்ப்பு மரபணுவும் ஒன்று. அது இல்லாத ரகங்கள் அங்கே பரவலாகப் பயிரானபோது, புல்லைத் தாக்கிவந்த பூஞ்சாணம் கோதுமையில் காலூன்றிக்கொண்டு, பிறகு ஆர்டபிள்யூடி3 கண்டுகொள்ளும் பிடபிள்யூடி3 என்னும் தன் மரபணுவைச் செயலிழக்கச் செய்து மற்ற ரகங்களுக்கும் தாவியது என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த ரகத்தை எவ்வளவு பரப்பில் விதைக்கிறோம் என்பது பூஞ்சாணத்தின் போக்கையே மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

2016 பிப்ரவரியில் இந்நோய் வங்கதேசத்தில் தோன்றி, எட்டு மாவட்டங்களில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. பேராசிரியர் தொஃபசல் இஸ்லாமும் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து சோஃபியன் கமூனும் உள்ளிட்ட குழுவினர், நோயுற்ற இலைகளை வயலிலிருந்தே எடுத்து, அவற்றிலிருந்த ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படித்தனர். கிடைத்த தரவுகளை உடனே எல்லோருக்கும் திறந்துவிட்டனர். உள்ளூர் நெல்லிலிருந்து தாவியதோ என்ற ஐயம் தீர்ந்தது. அது தென் அமெரிக்கக் கோதுமையைத் தாக்கும் வகை. அறுவடைக்குள் பதில் வேண்டும் விவசாயிக்கு இவ்வளவு விரைவாக விடை தேடிய அந்த முயற்சியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆப்பிரிக்காவின் சாம்பியாவிலும் 2018-இல் நோய் காணப்பட்டது. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தனித்தனியே வந்திருந்தாலும் இரண்டும் ஒரே மரபுவழியைச் சேர்ந்தவை என்று 2023-இல் வெளியான ஆய்வு நிறுவியது. இவ்வகை ஏவிஆர்-ஆர்எம்ஜி8 என்னும் மரபணுவை இன்னும் இழக்கவில்லை. எனவே ஆர்எம்ஜி8 என்னும் எதிர்ப்பு மரபணு உள்ள கோதுமை அதைத் தடுக்கிறது. ஆனால், சாம்பியாவில் கிடைத்த பூஞ்சாணம், கேழ்வரகைத் தாக்கும் ஆப்பிரிக்க வகையோடு ஆய்வகத்தில் இனங்கலந்திருக்கிறது. வயலிலும் அவ்வாறு கலந்தால் புதிய சேர்க்கைகள் பிறக்கலாம். ஆகவே ஆர்எம்ஜி8-ஐத் தனியாக நம்பி விதைக்காமல், வேறு எதிர்ப்பு மரபணுக்களோடு சேர்த்தே ரகங்களை உருவாக்க வேண்டும் என்றும், பருவந்தோறும் வயலிலிருந்து மாதிரி எடுத்து ஏவிஆர்-ஆர்எம்ஜி8 இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.